கிட்டத்தான் என்று சொல்லிப் போனவனுக்கு

தம்பி,

வீட்டுக் கதையை ஊருக்கே வாசிக்கக் கொடுத்துவிட்டாளே இந்த அம்மா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். உனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். எங்கேயோ ஒரு மூலையில் உன் காது சிவந்திருக்கிறது என்றால் நீ உயிரோடு சுகமாக இருக்கிறாய் என்று நான் எடுத்துக்கொள்வேன். தபாலில் போடுவதற்கு உன் விலாசம் என்னிடம் இல்லை. பெயரை எழுதிக் கனடா என்று மட்டும் போட்டால் போய்ச் சேருமா என்று ஹைம் என்கிற இந்த ஜேர்மன் அகதி விடுதியின் பொறுப்பாளரிடம் கேட்டேன். அந்த மனுசன் சிரிக்கக்கூட இல்லை. கனடா எவ்வளவு பெரிது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், கை சுவரில் இடித்தது. அதனால்தான் இந்தச் சஞ்சிகையில் எழுதுகிறேன். இதை நடத்துகிற அண்ணை சொன்னார், ரொறன்ரோவில் தமிழ்க் கடைகளுக்கு இது போகிறதாம். மிளகாய்த்தூள் வாங்க வருகிற பெடியள் கடையில் நின்றபடியே முழுவதையும் வாசித்துவிட்டு, மடிப்புக் குலையாமல் திரும்ப வைத்துவிட்டுப் போகிறார்களாம். நீயும் அந்தச் சாதிதான். நின்றபடியே வாசி. கடைசி வரைக்கும் வாசித்தால் எனக்குப் போதும்.

அவசரம் என்னவென்றால், இந்த ஹைமை மூடப்போகிறார்கள். இந்த மாத முடிவில் எங்களை ஆளுக்கொரு ஊராகப் பிரித்து அனுப்புகிறார்கள். கூரை ஒழுகுகிறது, தண்ணீர்க் குழாய் பழுது என்று காரணம் சொல்கிறார்கள். ஒழுக்கைப் பற்றி நாங்கள் மூன்று வருடமாகச் சொன்னபோது கூரைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள், இப்போது மனம் மாறிவிட்டது. உன்னிடம் இருப்பது பொறுப்பாளர் அறையில் இருக்கிற அந்தக் கறுப்பு ரெலிபோனின் இலக்கம் மட்டும்தான். நீ தைப்பொங்கல் முடிந்து ஒருமுறை அதற்கு எடுத்தாய். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. இனி நீ எடுக்கும்போது வெறும் அறையில் மணி அடித்துக்கொண்டிருக்கும், எடுக்க ஆளிருக்காது. நீ இருக்கிற இடம் எனக்குத் தெரியாது, நான் போகிற இடம் உனக்குத் தெரியாது. இப்படி ஒருமுறை எங்கள் வீட்டில் நடந்துவிட்டது, இரண்டாம் முறை நடக்க விடமாட்டேன். அதுக்குத்தான் இவ்வளவு எழுத்தும். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, அதனால் பிழைகளை அண்ணை திருத்துவார். கதையைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நேராக விசயத்துக்கு வரலாம்தான். ஆனால் என்னிடம் நீ ஒரு கேள்வி கேட்டாய், ரயிலில் வைத்து. நான் அதற்கு இன்றைக்கு வரைக்கும் பதில் சொல்லவில்லை. பகிடி விட்டே உன்னை வளர்த்தவள், அன்றைக்கு ஒரு பகிடியும் கிடைக்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பதில் சொல்லாமல் நான் உன்னிடம் வேறொன்றைக் கேட்பது சரியில்லை.

எங்கள் வீட்டுக்கென்று சில பேச்சு இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். கறியில் உப்புக் கூடினால் அப்பா வாய் திறந்து உப்பு என்று சொல்லமாட்டார். "கடல் வந்திட்டுது" என்பார். நான் வெளிக்கிடத் தாமதமானால் வாசலில் நின்று "தேர் இன்னும் அசையேல்லையோ" என்று கேட்பார். நீ பொய் சொன்னால் "மூக்குக் குளிருதோடா" என்பார், நீ உடனே மூக்கைத் தொட்டுப் பார்த்துப் பிடிபட்டுவிடுவாய். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட இதெல்லாம் விளங்காது. இப்போது என்னோடு அறையில் இருப்பவள் கானா நாட்டுப் பெண், பெயர் அபெனா. நல்ல மனுசி. போன கிழமை என் பருப்பில் உப்புக் கூடிவிட்டது. கடல் வந்திட்டுது என்று என்னை மறந்து சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவள் கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். பிறகு பாவம், மரியாதைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என் தட்டை மூடி வைத்துவிட்டேன். தமிழ்ச் சனம் இந்த ஹைமில் நிறைய இருக்கிறது, கதைக்க ஆளில்லாமல் இல்லை. ஆனால் கடல் வந்திட்டுது என்றால் தண்ணீரை நீட்டுகிற ஆள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் போன இடம் தெரியாது, மற்றவன் நீ.

இனி அந்தப் பெரிய பேச்சு. வெளிக்கிட்டுப் படலை வரைக்கும் போன ஆளை "எங்கை போறியள்?" என்று எங்கள் பக்கத்தில் கேட்கமாட்டோம். கேட்டால் போகிற காரியம் சரிவராது. "துலைக்கோ?" என்றுதான் கேட்பது. தூரமாகவோ போகிறீர்கள் என்று அர்த்தம். போகிறவர் "ஓம், கொஞ்சம் துலை" என்பார், இல்லாவிட்டால் "கிட்டத்தான்" என்பார். அவ்வளவுதான். துலை என்றால் சோற்றுக்கு அரிசி குறைத்துப் போடலாம், கிட்ட என்றால் புட்டைச் சூட்டோடு மூடி வைக்கலாம். பெண்சாதிக்குத் தெரிய வேண்டியது அதில் வந்துவிடும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆராவது தப்பித் தவறி எங்கை என்று கேட்டுவிட்டால், போகிற ஆள் திரும்பி வந்து, கதிரையில் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட வேண்டும்.

நீ கள்ளன். நாலு வயதில் இதைக் கண்டுபிடித்துவிட்டாய். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குப் போகும் மட்டும் பேசாமல் நிற்பாய். கால் வெளியே வைக்கும் நேரம் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி "அப்பா எங்கை போறியள்?" என்பாய். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, கதிரையில் இருந்து, தண்ணீர் குடிக்க வேண்டும். நீ மடியில் ஏறுவாய். அவருக்கும் அது விருப்பம்தான், வெளியில் காட்டமாட்டார். "எடியே, உவன்ரை வாயைக் கட்டு, கடை திறக்க நேரமாச்சு" என்பார். தண்ணீரை மெதுமெதுவாகத்தான் குடிப்பார். ஒருநாள் நல்ல காரியம் ஒன்றுக்கு அவர் வெளிக்கிட்டபோதும் நீ கேட்டாய். நான் உன் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. துலைக்கோ என்று பெரிய மனுசன் மாதிரிக் கேட்கப் பழகிவிட்டாய். வருகிற போகிற ஆட்களிடம் எல்லாம் அதைச் சொல்லி நான் பெருமையடித்தேன்.

அப்பா கடைசியாகப் போன காலமை உனக்குத் தெரியாது, நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய். அவர் வீட்டில் கட்டுகிற சாறத்தோடுதான் வெளிக்கிட்டார். மேலே அந்த நீலச் சேட்டு. நான் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துத் "துலைக்கோ?" என்றேன். "இல்லையப்பா, கிட்டத்தான். வந்து சாப்பிடுறன்" என்றார். "கெதியா வாங்கோ, புட்டு ஆறிப்போம்" என்றேன். அன்றைக்கு ஆமி மூன்று நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் வளைத்தது. மத்தியானம் ஆனது, பின்னேரம் ஆனது. நான் கிட்ட என்று சொல்லக்கூடிய இடம் எல்லாம் போய்ப் பார்த்தேன். அவருடைய சைக்கிள் கடை பூட்டிக் கிடந்தது. சங்கக்கடை, வாசிகசாலை, அவர் எனக்கு ஒளித்துப் போகிற கள்ளுக் கொட்டில், எல்லாம் பார்த்தேன். ஓரிடத்திலும் அவர் வந்ததாக ஆரும் சொல்லவில்லை. அடுத்த நாள் முகாம் வாசலில் பெண்டுகள் நின்றார்கள். சந்தியில் பிடிபட்டவர்களை ஒரு முகாமுக்கும், கடற்கரை றோட்டில் பிடிபட்டவர்களை இன்னொரு முகாமுக்கும் கொண்டுபோயிருந்தார்கள். புருசன் எங்கே போனான் என்று தெரிந்தவள் ஒரு வாசலில் நின்றாள். நான் எல்லா வாசலிலும் நின்றேன். எல்லா வாசலிலும் நிற்கிறவள் ஒரு வாசலிலும் சரியான நேரத்துக்கு இருக்கமாட்டாள் என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. இந்த முகாமில் பெயர் வாசிக்கிற நேரம் நான் மற்ற முகாமுக்குப் போகிற பஸ்ஸில் இருப்பேன்.

பிறகு உன் வயதுப் பெடியளைப் பிடிக்கத் தொடங்கினார்கள். நகையை விற்று, கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் வந்து, அங்கேயிருந்து இந்தப் பீலெஃபெல்ட் பக்கத்துக்கு அவர்கள் அனுப்பினபடி வந்து சேர்ந்தோம். விமானத்தில் நீ என் தோளில் நித்திரை கொண்டாய். பதினாறு வயதுப் பெடியன் தாயின் தோளில் நித்திரை கொள்வதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரி சிரித்தாள். நானும் பதிலுக்குச் சிரித்தேன். அதுதான் ஐரோப்பாவோடு என் முதல் பேச்சுவார்த்தை.

அகதி விண்ணப்ப விசாரணைக்கு ரயிலில் தெற்கே வெகுதூரம் போன நாள் உனக்கு நல்லாய் ஞாபகம் இருக்கும், நீ என் பக்கத்துக் கதிரையில் இருந்தாய். கேள்வி கேட்ட அதிகாரி கெட்ட மனுசன் இல்லை. எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார். மொழிபெயர்க்க வந்தது மதுரைப் பக்கத்துப் பெடியன், அங்கே கிட்ட எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், சைக்கிள் ஓடி வந்ததில் காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் சொருகியிருந்தான். அவனுடைய தமிழைக் கேட்க எனக்குச் சினிமா பார்ப்பது போல இருந்தது.

"அம்மா, அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் எங்க போனாருன்னு கேக்கறாங்க."

"தெரியாது, ராசா."

"நீங்க கேக்கலையான்னு கேக்கறாங்க."

"வெளிக்கிடுற ஆளை எங்கை எண்டு கேக்கிறதே?"

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, வந்த உடனே அதைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஜேர்மன் மொழியில் சின்னதாக ஏதோ சொன்னான். நான் சொன்னது நீளம், அவன் சொன்னது கட்டை. அதிகாரி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கீங்க, ரோட்டுல ராணுவம் நிக்குது, புருஷன் வெளில போறார், எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலைன்னா நம்பும்படியா இல்லைங்கறாங்க."

"அவரிட்டை ஒருக்காக் கேளும், காலமை அவர் வெளிக்கிடேக்கை மனுசிக்கு உண்மையிலை எல்லாம் சொல்லிப்போட்டோ வாறவர் எண்டு."

"அதையுமா சொல்லணும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சொல்லும்."

"வேண்டாம்மா. நல்லாயிருக்காது."

நீ மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாய். நான் வாயை மூடிக்கொண்டேன். வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பெடியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களிடம் வந்தான். "எங்க அம்மாவும் கேக்க மாட்டாங்கம்மா. எங்கேன்னு யாராவது கேட்டுட்டா, உள்ள வந்து தண்ணி குடிச்சுட்டுப் போகச் சொல்லுவாங்க" என்றான்.

"அப்ப ஏன் ராசா அதை அவருக்குச் சொல்லேல்லை?"

"நீங்க சொல்றதை மட்டும்தான் நான் சொல்லலாம். ஏன் கேக்கலைங்கறதை நீங்க சொல்லவே இல்லையேம்மா."

"எல்லாருக்கும் தெரிஞ்சதை ஆர் வாய்விட்டுச் சொல்லுவினம்?"

அவன் நெற்றியைச் சொறிந்தான். பிறகு, நான்கு பேர் இருந்த அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது என்று மெதுவாகச் சொன்னான். நல்ல பிள்ளை. பஸ் வந்தது. அவன் ஊருக்குப் போகிறானோ, பல்கலைக்கழகத்துக்குப் போகிறானோ தெரியாது, நான் "துலைக்கோ?" என்று கேட்டுவிட்டேன். "கொஞ்சம் துலைதான்மா" என்று என் சொல்லையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போனான்.

ரயிலில் நீ கேட்டாய். பீலெஃபெல்ட் வரும் மட்டும் முழுப் பயணத்திலும் நீ வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். "அம்மா, நான் சின்னனிலை கேக்கிறனான். நீங்கள்தான் கேக்கக்கூடாதெண்டு கிள்ளினீங்கள். அண்டைக்கு நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டிருந்தால், அப்பாவைத் தேடுறதுக்கு எங்களுக்கு ஒரு இடமாவது இருந்திருக்காதோ?" நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியில் மாடுகள் நின்றன, கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு கவலையும் இல்லாமல். நீ பதிலுக்குக் காத்திருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் அகதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். திருப்பி அனுப்பவும் இல்லை. டுல்டுங் என்று ஒரு கடதாசி தந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உன்னைக் கேட்டேன். "பொறுத்துக்கொள்ளுறது எண்டு அர்த்தம்" என்றாய். அப்பா என்னை இருபது வருடம் கடதாசி இல்லாமலே பொறுத்துக்கொண்டார் என்று நான் சொன்னபோது, விசாரணைக்குப் பிறகு முதல்தடவையாக நீ சிரித்தாய். அதற்குப் பிறகு சிரித்ததாக ஞாபகம் இல்லை. வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, நீ ஆசைப்பட்ட தொழிற்படிப்பில் சேரக்கூடாது. நீ யன்னலோரக் கட்டிலில் இருந்தபடி வளர்ந்தாய். தாடி வளர்ந்தது. ஜேர்மன் மொழி வளர்ந்தது. என்னோடு பேச்சுத்தான் குறைந்தது. நான் பகிடி விட்டு விட்டுப் பார்த்தேன். இருபது வயதுப் பெடியனை எதிர்கொள்ள எனக்குப் பகிடியைத் தவிர வேறு ஆயுதம் தெரியாது.

நீ போன நாளை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கையில் பை இல்லை. தடித்த ஜக்கெற்றைப் போட்டிருந்தாய், அது மட்டும்தான் வித்தியாசம். ஆனால் பனி கொட்டியது, ஆரும் போடுவார்கள். நான் பொது அடுப்படியில் நின்று கிழங்கு தோலுரித்தேன். "துலைக்கோ?" என்றேன். "இல்லை அம்மா, கிட்டத்தான்" என்றாய். "கெதியா வா" என்றேன். நீ உடனே போகவில்லை. கதவில் கையை வைத்தபடி நின்றாய். நான் உன்னைப் பார்க்கவில்லை, கிழங்கைப் பார்த்தேன். நீ ஏன் நின்றாய் என்று இப்போது எனக்குத் தெரியும். நான் எங்கை என்று கேட்பேனா என்று நின்றாய். கேட்டிருந்தால் நீ திரும்பி வந்து இருந்து தண்ணீர் குடித்திருப்பாய். சொல்லியிருப்பாயோ, மாட்டாயோ, அது வேறு. என் பக்கத்தில் இருந்து ஒரு மிடறு குடித்திருப்பாய்.

மூன்றாம் நாள் பொலிசில் சொல்லச் சொன்னார்கள் ஹைம் பெடியள். ஒருவன் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, சொல்லாதேங்கோ, அவன் வெளிநாட்டுக்கு ஆள் கடத்துற ஏஜென்சியோடை போயிட்டான்" என்றான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பொங்கல் முடியும் மட்டும் நான் எப்படி இருந்தேன் என்று எழுதமாட்டேன். அண்ணை கேட்டார், அதையும் எழுதுங்கோ அக்கா, சனம் விரும்பி வாசிக்கும் என்று. சனத்துக்கு வாசிக்க வேறு விசயம் இருக்கிறது.

பொங்கல் முடிந்து ஒருநாள் பொறுப்பாளர் வந்து, ரெலிபோன் என்று கையைக் காதில் வைத்துக் காட்டினார். நான் செருப்பில்லாமல் ஓடினேன்.

"அம்மா, நான்."

"ஆர் நான்?" என்றேன். உன் மூச்சிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் பழக்கம்.

"நான்தான் அம்மா. கனடாவுக்கு வந்திட்டன்."

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"அங்கை குளிரோ?"

"அங்கையைவிடக் குளிர்."

"தலைக்குத் தொப்பி போடு."

"ஓம். காசு முடியப்போகுது அம்மா. பேந்து எடுக்கிறன்."

"ஓம் ராசா, வை."

வைத்தேன். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கனடாவில் எந்த ஊர், ஆரோடு, எந்தத் தெரு, ஒன்றும் கேட்கவில்லை. நேரம் போதவில்லை என்று உனக்குச் சொல்லலாம். இருந்த நேரத்தில் தொப்பியைப் பற்றிச் சொல்ல முடிந்ததே. நீ வெளிக்கிட்டு நிற்கிற ஆளாகத்தான் என் மனதுக்கு இருந்தாய், அதனால் அந்தச் சொல் என் வாய்க்கு வரவில்லை. அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது அது.

இனி ரயிலில் கேட்டதற்குப் பதில். அப்பாவை நான் கேட்டிருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை, நீயும் நினைக்காதே. ஆமி தண்ணீர் குடித்த ஆளையும் பிடிக்கும், குடிக்காத ஆளையும் பிடிக்கும். கேளாமல் விட்டது குற்றம் என்றும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒழுங்காய் வளர்ந்த பெண் கேட்பதைத்தான் நான் கேட்டேன். எங்கள் சனம் ஊருக்குள்ளேயே இருந்தபோது அது போதுமாக இருந்தது. கிட்ட என்றால் கூப்பிடு தூரம், துலை என்றால் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் திரும்புகிற தூரம். ஆள் காணாமல் போகிற நாளும், கடலைத் தாண்டி ஓடுகிற நாளும் வந்த பிறகும் நான் அதே இரண்டு சொல்லோடு சீவித்தேன், அதுதான் நடந்தது. நீ சொன்னது சரி. ஒரு இடமாவது இருந்திருக்கும். ஒரு வாசலில் நின்றிருப்பேன். உனக்கு அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீ கதவில் நின்ற நேரம் வேறு மாதிரி இருந்திருக்கலாம். இருந்திருக்காமலும் விடலாம்.

ஆனபடியால் உன் அம்மா இந்த வயதில் பழகத் தொடங்கினாள். முதலில் அபெனாவில் பழகினேன், அவளுக்கு விளங்காது, பாதகமில்லை. அவள் துப்பரவு வேலைக்கு வெளிக்கிடும்போது "எங்கை போறாய்?" என்பேன். அவள் தன் பாசையில் நீளமாக ஏதோ சொல்லுவாள். இரண்டு பேருக்கும் திருப்தி. பிறகு பெடியளில் தொடங்கினேன். அலுவலகத்தில் ரெர்மின், அதாவது நேரம், தந்திருக்கிறார்கள் என்று தலை இழுத்து, சேட்டு மினுக்கி வெளிக்கிடுவான் ஒருவன். நான் படியில் நின்று எங்கை என்பேன்.

"ஐயோ அக்கா, ரெர்மினுக்குப் போறவனைக் கேக்கிறியளே. இனி விசா தந்தமாதிரித்தான்."

"வா, வந்து தண்ணி குடிச்சிட்டுப் போ."

"பஸ் போகப்போகுது."

"அப்ப எங்கை எண்டு சொல்லிப்போட்டு ஓடு."

வந்து இருந்து குடித்துவிட்டுத்தான் ஓடுவார்கள், என்னைத் திட்டிக்கொண்டு. ஒருவனுக்கு உண்மையிலேயே காரியம் பிழைத்துவிட்டது, அவன் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. இன்னொருவனுக்கு ஒரு வருட விசா கிடைத்தது, அதை மட்டும் ஆரும் என் கணக்கில் வைக்கவில்லை. இப்போது படியில் என்னைக் கண்டால் பின்பக்கத்தால் போகிறார்கள். போகட்டும். எனக்கு நாக்குத் திரும்பிவிட்டது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு நிறைய இல்லை. தொப்பியைச் சொல்லிவிட்டேன். உன்னோடு அறையில் இருக்கிற பெடியள் வெளிக்கிடும்போது கேள். திட்டுவார்கள், பொறு. நாளைக்கு ஒருத்தியைக் கட்டினால், அவள் உன்னைக் கேட்கவிடு. சாறத்தோடு போனாலும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போ. காசு அனுப்ப வேண்டாம். திரும்பி வா என்றும் சொல்லமாட்டேன், இங்கே நீ யன்னலோரத்தில் இருந்ததை நான் பார்த்தவள். கோபித்துக்கொண்டுதான் எடுக்காமல் இருக்கிறாய் என்றால் கோபத்தோடு எடு. கோபத்தோடு கதைக்கிற பிள்ளையின் குரலும் எனக்குக் குரல்தான்.

ஹைமுக்கு எடுக்காதே. இந்தச் சஞ்சிகையின் பின்பக்கத்தில் அண்ணை வீட்டு இலக்கம் இருக்கிறது. என்னை எந்த ஊருக்கு அனுப்பினாலும் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் நான் அங்கே வந்து இருப்பேன். எல்லை தாண்டக்கூடாது என்பார்கள். பிடித்தால் பொறுத்துக்கொள்ளட்டும், அதற்குத்தானே கடதாசி தந்திருக்கிறார்கள். அண்ணையின் மனுசி தேத்தண்ணி தருவதாகச் சொல்லியிருக்கிறா. நீ எடுக்கும் மட்டும் எல்லா ஞாயிறும் வருவேன்.

எடுத்தால் சுகமோ என்று கேட்கமாட்டேன், சாப்பாட்டையும் கேட்கமாட்டேன். முதல் கேள்வி இதுதான், இப்போதே சனத்துக்கு முன்னால் கேட்கிறேன்: மகனே, நீ எங்கே இருக்கிறாய்? ஊரின் பெயர், தெருவின் பெயர், கதவில் என்ன இலக்கம், எத்தனையாம் மாடி, எல்லாம் சொல்லு. வாயில் நுழையாத பெயராய் இருந்தால் எழுத்தெழுத்தாகச் சொல்லு. ஆறுதலாகச் சொல்லு. என் கை மெதுவாகத்தான் எழுதும். நான் எழுதி முடிக்கும் மட்டும் ரெலிபோனை வையாதே.

அம்மா